எங்கட ஆக்கள் இல்லாத ஊர்

மேரிறோஸ் ஒரு சோடி சப்பாத்து வாங்க மூன்று மாதம் எடுக்கிறவள். பாரிசில் எங்கட சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் நாலு கடை ஏறி இறங்குவாள், ஐந்தாவது கடையில் போட்டு நடந்து பார்ப்பாள், கடைசியில் முதல் கடைதான் நல்லதென்று திரும்பிப் போவாள், அங்கே அவளுடைய அளவு முடிந்துபோயிருக்கும். அப்படிப்பட்ட மனுசியிடம் போய், அமெரிக்காவில் ஒரு ஊரைத் தெரிவு செய், அதுவும் ஆறு கிழமைக்குள் என்றால் என்ன நடக்கும்? சப்பாத்துக் கதைதான் நடந்தது, கொஞ்சம் பெரிய அளவில்.

முதலில் ஆளைச் சொல்லிவிட வேண்டும். வயது ஐம்பத்தாறு. மன்னார் பேசாலைக்காரி, கத்தோலிக்கம். பாரிசுக்கு வந்து இருபத்தாறு வருசம், சென் தெனியில் இரண்டு அறை வீடு, ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. கரட் தின்னமாட்டேன் என்கிற பிள்ளையைக் கரட் தின்ன வைப்பதில் அவளை வெல்ல அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை. புருசன் சவிரிமுத்து ஈரல் பழுதாகிச் செத்து ஒன்பது வருசம். பிள்ளை குட்டி கிடையாது. ஒன்பது வருசமாகியும் லா சப்பலில் அவளுக்கு 'சவிரியற்றை மனுசி' என்றுதான் பெயர். அந்த ஆள் குடித்துவிட்டு வந்து அவளை என்ன பாடு படுத்தினான் என்று தெரிந்தால் அந்தப் பெயரைச் சொல்ல நாக்குக் கூசும். ஆனால் அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, அதனால் ஒருத்தருக்கும் கூசவும் இல்லை.

அடுத்த ஆள் வல்லிபுரம். லா சப்பலில் ரூ காய் என்கிற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். பருத்தித்துறைப் பக்கம், சைவ சமயத்துக்காரர், அறுபதுக்கு ஒன்று குறைவு. நாலு தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து முடித்து நிமிர்ந்து பார்த்தபோது தனக்குக் கட்டுகிற வயது போய்விட்டிருந்தது. ஐந்து வருசத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மேரிறோஸ் அந்தக் கடையில் மீன்குழம்பு வாங்கிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை குழம்போடு திரும்பி வந்தாள்.

"இது ஆர் வச்ச குழம்பு? மீனைப் பார்க்கவே பாவமாக் கிடக்கு" என்றாள்.

வல்லிபுரம் கரண்டியும் கையுமாக வெளியே வந்தார், சண்டைக்குத்தான். வந்தவர் அவள் சொன்ன புளிக்கணக்கையும் வெந்தயக்கணக்கையும் கேட்டுக்கொண்டு அப்படியே உள்ளே போனார். அடுத்த சனிக்கிழமை அவள் கேளாமலே ஒரு பார்சல் தயாராக இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் இருந்தது. பிறகு நடந்ததை விளக்கவேண்டியதில்லை, நீங்களும் சின்னப் பிள்ளைகள் இல்லை.

ஐம்பது தாண்டின இரண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருந்தால் உலகத்துக்கு என்ன குறைகிறது என்று கேட்பீர்கள். லா சப்பலில் ஒரு கிழமை இருந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். அதுவும் இராசமலர் என்கிற மனுசி மரக்கறி வாங்க வருகிற நேரமாகப் பார்த்து நில்லுங்கள். யார் வீட்டுப் பெட்டை யாரோடு கதைத்தது என்கிற செய்தி அவளிடம் முதலில் வந்துதான் மற்ற இடங்களுக்குப் போகும். ஆகவே நாலு வருசமாக இவர்கள் லா சப்பல் மெத்ரோவில் ஏறும்போது அவர் முன் பெட்டி, இவள் பின் பெட்டி. பிளாஸ் து கிளிஷியில் பதின்மூன்றாம் இலக்க ரயிலுக்கு மாறும்போது நடுவில் பத்தடி இடைவெளி.

சந்தித்துக் கதைப்பதற்கு எங்கட ஆக்கள் வராத இடம் ஒன்று வேண்டுமே? யோசித்து யோசித்து மேரிறோஸ் கண்டுபிடித்தது மியூசே என்கிற அருங்காட்சியகம். மாதத்து முதல் ஞாயிறு காசில்லாமல் உள்ளே விடுவார்கள், ஒரு தமிழ்ச் சனத்தின் முகம் தெரியாது. பூசை முடிந்த கையோடு அவள் ஒரு பக்கத்தால் வருவாள், அவர் இன்னொரு பக்கத்தால் வருவார். இப்படியே நாலு வருசத்தில் இரண்டு பேரும் பாரிசில் உள்ள முக்கால்வாசிப் படத்தையும் சிலையையும் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள். உடுப்பில்லாத சிலைகளைக் கண்டு முதலில் வல்லிபுரத்தாருக்கு ஒரே வெட்கம். பிறகு பழகி, "உந்த ஆளுக்குக் கால் கொஞ்சம் கட்டையாப் போச்சுது, என்ன?" என்று குறை பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அமெரிக்கா குறுக்கே வந்து விழுந்தது. ரூ காயில் ஒரு ரெலிபோன் கடையில், அமெரிக்க விசாக் குலுக்கலுக்கு இரண்டு பேருடைய பெயரையும் வல்லிபுரத்தார் பகிடிக்குப் போட்டுவிட்டிருந்தார். அவருடைய பெயர் விழவில்லை. கோயில் திருவிழாக் குலுக்கலில் ஒரு பிளாஸ்டிக் வாளி கூட விழாத மேரிறோசுக்கு அமெரிக்கா விழுந்துவிட்டது.

"நீர் போம். நான் ஒருக்கால் வந்து பார்க்கிறன்" என்றார் வல்லிபுரத்தார், ஒரு மார்பிள் குதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"நல்ல கதை. உங்களை விட்டிட்டு நான் அங்கை போய் ஆரோடை சண்டை பிடிக்கிறது?" என்றாள் மேரிறோஸ்.

கூட்டிக்கொண்டு போவதென்றால் புருசனாகத்தான் கூட்டிக்கொண்டு போகலாம். புருசனாக்குவதென்றால் மேரி என்கிற நகரசபைக் கந்தோரில் கல்யாணம் எழுத வேண்டும். எழுதுவதென்றால் இரண்டு பேருடைய பெயரையும் பத்து நாள் மேரி வாசலில் ஒட்டிவைப்பார்கள். அந்த வாசலால் பத்திரம், படிவம் என்று எத்தனை தமிழ்ச் சனம் நாளாந்தம் போய் வருகிறது! ஆனாலும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். எப்படியோ அந்தப் பத்து நாளைப் பல்லைக் கடித்துக் கடந்துவிட்டால், பிறகு ஆர் எவர் என்று கேட்க ஆளில்லாத ஒரு ஊரில் போய் இரண்டு பேரும் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ரயிலில் போகலாம். அவள் அமெரிக்காவிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அமெரிக்காவில் எந்த விலாசத்துக்கு உங்கள் குடியிருப்பு அட்டையை அனுப்புவது? ஆறு கிழமைக்குள் நிரப்பவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிற யூலியன் என்றொரு பெடியன். மினியாபொலிசில் ஒரு வருசம் இருந்துவிட்டு வந்தவன். அவனிடம் கேட்டாள். அவன் கிழமைச் சாப்பாட்டு அட்டவணையைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஐந்து ஊரை எழுதினான்: மினியாபொலிஸ், மில்வோக்கி, பிற்ஸ்பேர்க், பிலடெல்பியா, பஃபலோ. ஒவ்வொன்றுக்கும் நேரே வீட்டு வாடகை எப்படி, பஸ் ஓடுமா, ஆஸ்பத்திரி கிட்டவா, குளிர் எவ்வளவு என்று கோடு போட்டு நிரப்பினான். நியூயோர்க், கலிபோர்னியாப் பக்கம் தலை வைத்தும் படுக்காதே, வாடகை கழுத்தை நெரிக்கும் என்றான். இந்த ஐந்தும் மலிவு, அதோடு முற்போக்கான ஊர்கள் என்றான்.

முற்போக்கு என்றால் என்ன என்று மேரிறோஸ் கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, யார் யாரோடு இருக்கிறார்கள், எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்கமாட்டான், பொன்ஜூர் சொல்லிவிட்டுத் தன் நாயோடு போய்விடுவான் என்றான். மேரிறோசுக்கு அந்த நாயையும் பிடித்துப்போயிற்று. அவனுக்கு அன்றைக்கு இரண்டு துண்டு சொக்கலேற் கேக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளில் அவள் தன் கையால் இன்னொரு கோடு போட்டாள். தலைப்பு, 'எங்கட ஆக்கள்'. சைபர் என்றால் நல்ல ஊர். ஒன்று என்றாலும் வெட்டு.

"எல்லாரும் எங்கட ஆக்கள் இருக்கிற ஊரைத் தேடிப் போவினம். நீர் ஒரு புதுமையான பிறவி. கருவேப்பிலைக்கு என்ன செய்யிறது?" என்றார் வல்லிபுரத்தார்.

"கருவேப்பிலையைச் சட்டியிலை வளக்கலாம். சனத்தின்ரை நாக்கை என்ன செய்யலாம்?"

ஐந்து ஊரிலும் எங்கட ஆக்கள் எத்தனை பேர் என்று யாரிடம் விசாரிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த இடத்தில்தான் மேரிறோஸ் பெரிய பிழை விட்டாள். அவள் றெஜினாவைக் கூப்பிட்டாள்.

றெஜினா பேசாலையில் அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், இப்போது நியூஜேர்சியில் இருக்கிறாள். நல்ல மனம், ஆனால் ஓயாத வாய்.

"இஞ்சை என்னோடை வேலை செய்யிற ஒரு பிள்ளை அமெரிக்கா போகப் போகுது" என்று மேரிறோஸ் தொடங்கினாள். "மினியாபொலிஸ், பிற்ஸ்பேர்க், பிலடெல்பியா, மில்வோக்கி, உந்த ஊருகளிலை எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு கேக்குது."

"மில்வோக்கியோ? அங்கை ஒருத்தரும் இல்லையடி."

மேரிறோஸ் சந்தோசத்தில் பேனையை எடுத்துச் சைபர் போட்டாள்.

"ஆனா நீ ஒண்டுக்கும் யோசியாதை. நான் பிடிச்சுத் தாறன்" என்றாள் றெஜினா.

"வேண்டாமடி, சும்மாதான் கேட்டனான்."

"என்னடி கதை கதைக்கிறாய்? எங்கட பிள்ளை ஒண்டு தெரியாத ஊரிலை போய்த் தனிய நிக்கிறதோ? நான் உயிரோடை இருக்கிறன்!"

எங்கள் சனத்திடம் 'அங்கே எங்கட ஆக்கள் இருக்கினமோ' என்று கேட்டால், அது தகவல் கேட்கிற கேள்வி இல்லை. அது உதவி கேட்கிற கேள்வி. இல்லை என்று சொல்லி ரெலிபோனை வைத்தால் சொன்னவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இது மேரிறோசுக்குத் தெரியாததா? அவளே எத்தனை பேருக்கு இப்படி ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்! பதற்றத்தில் மறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மில்வோக்கியில் ஒரு கொழும்புத்துறைக் குடும்பம் முளைத்தது. எயாப்போட்டுக்குக் காரோடு வந்து நிற்பார்களாம். ஐந்தாம் நாள் மினியாபொலிசில் ஒரு கத்தோலிக்கச் சுவாமியார், அவருடைய பங்குக் கோயிலில் வேலையும் எடுத்துத் தருவாராம். பிற்ஸ்பேர்க்கில் பெருமாள் கோயிலுக்கு வருகிற ஒரு மானிப்பாய் மனுசி, மேல் அறை ஒன்று வாடகைக்கு இருக்கிறதாம், பெண்பிள்ளை என்றால் இன்னும் நல்லதாம். பிலடெல்பியாவில் ஒன்றுக்கு மூன்று பேர், அதில் ஒருத்தி இராசமலரின் சொந்த மச்சாள்! அந்த ஊரை மேரிறோஸ் தாள் கிழியும்படி வெட்டினாள்.

கடைசியில் மிஞ்சியது பஃபலோ. வாடகை மலிவு, சனம் நல்ல சனம், பனி மட்டும் ஆளுயரத்துக்குக் கொட்டும் என்று யூலியன் எழுதியிருந்தான். அந்தப் பனிக்குள் எங்கட ஆக்கள் எவரும் போய் இருக்கமாட்டார்கள் என்று அவள் நம்பினாள். நயாகராவுக்கு அந்தப் பக்கம், எங்கட ஆக்கள் நிறைந்த ரொறன்ரோ இருக்கிறது என்பதை அவள் யோசிக்கவில்லை. பஃபலோவைப் பற்றி அவள் றெஜினாவிடம் வாயே திறக்கவும் இல்லை. ஆனால் றெஜினா, தானே மூளையைக் கசக்கி, மிச்சமாய் இருக்கிற ஊர்களிலும் தேடியிருக்கிறாள்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியானக் கூட்டம் முடிந்து கடை வெறிச்சோடியிருந்தது. மேரிறோஸ் பள்ளிக்கூடத்தால் நேரே வந்து, கடைசி மேசையில் வல்லிபுரத்தாரோடு இருந்து இறால் கோது உரித்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் வந்தால் அவள் பார்சலுக்குக் காத்திருக்கிற ஆள், இறாலுக்குச் சும்மா கை கொடுக்கிறாள், அவ்வளவுதான். ரெலிபோன் அடித்தது. தெரியாத அமெரிக்க இலக்கம். இரண்டு கையிலும் இறால். ஒரு விரலால் தட்டி, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"மச்சாள், நான் சுகிர்தம் கதைக்கிறன்."

மேரிறோசின் கையிலிருந்த இறால் நழுவிக் கீழே விழுந்தது. சுகிர்தம் என்றால் செத்துப்போன சவிரிமுத்துவின் ஒரே தங்கச்சி. பாரிசுக்கு வந்த புதிதில் இரண்டு வருசம் இவர்களோடு சென் தெனி வீட்டில் இருந்துவிட்டுக் கனடாவுக்குப் போனவள். செத்த வீட்டுக்குப் பிறகு கதைபேச்சில்லை.

"நீ ரொறன்ரோவிலை எல்லோ?" என்றாள் மேரிறோஸ்.

"மகளுக்கு பஃபலோவிலை ஆஸ்பத்திரி வேலை. இஞ்சை வந்து இரண்டு வருசம். உங்களோடை வேலை செய்யிற ஆரோ ஒரு பிள்ளை வருகுது எண்டு றெஜினா சொன்னாள். எனக்குக் காது குத்தாதையுங்கோ மச்சாள், நீங்கள்தானே வாறியள்?"

மேரிறோஸ் விழுந்த இறாலைத் தேடி எடுத்தாள்.

"வாங்கோ. வீட்டின்ரை மேல்பக்கம் சும்மாதான் கிடக்கு. விலாசம் எழுதுங்கோ. தனியவோ வாறியள்?"

வல்லிபுரத்தார் மெல்லக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். யாரும் வரும்போது எழும்பி உள்ளே போவது நாலு வருசத்துப் பழக்கம். ரெலிபோனில் வந்த ஆளுக்கும் அவர் எழும்பினார். இறால் வாளியைத் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் குசினிப் பக்கம் திரும்பினார். அந்த முதுகைப் பார்த்ததும் மேரிறோசுக்கு அவருக்காக ஒரு பக்கம் கோபமும், தன்னை நினைத்து வெட்கமும் வந்தது. அமெரிக்காவுக்குப் போனாலும் இந்த மனுசன் ரெலிபோன் அடிக்கும்போதெல்லாம் இப்படித்தான் வாளியோடு எழும்பிப் போகப்போகிறார் என்று அவளுக்குப் பட்டது.

"இருங்கோ" என்றாள் அவரிடம். பிறகு ரெலிபோனைப் பார்த்துச் சொன்னாள். "தனிய இல்லை சுகிர்தம். ஒருத்தரோடை வாறன். வல்லிபுரம் எண்டு பேர். சைவக்காரர். நாங்கள் எழுதப்போறம்."

வல்லிபுரத்தார் வாளியோடு நின்றது நின்றபடியே நின்றார். லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று மேரிறோஸ் குனிந்து பார்த்தாள். அறவில்லை. விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"மச்சாள்" என்றாள் சுகிர்தம். குரல் மாறியிருந்தது. "அந்த வீட்டிலை நான் பக்கத்து அறையிலைதானே இருந்தனான். அண்ணன் கை ஓங்கிற சத்தம் கேட்டா நான் என்ன செய்யிறனான் தெரியுமோ? ரேடியோவைக் கூட்டி விடுவன். கூட்டி விட்டிட்டுக் கட்டிலிலை ஏறி இருந்திடுவன்."

"தெரியும். அந்த நேரத்துப் பாட்டுகள் எல்லாம் எனக்கு இப்பவும் பாடம்" என்றாள் மேரிறோஸ்.

அங்கே அழுகைச் சத்தம் கேட்டது. இங்கே மேரிறோஸ் இறால் கையால் கண்ணைத் துடைத்து, அது எரிந்து, இன்னும் கூட அழுதாள். வல்லிபுரத்தார் வாளியை வைத்துவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள் சுகிர்தம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இஞ்சை ஆரும் கேட்டா நான் சொல்லுறன், என்ரை மச்சாளும் அவவின்ரை மனுசனும் எண்டு. அவருக்குப் பனி தள்ளத் தெரியுமோ?"

"பழகுவன் தங்கச்சி" என்றார் வல்லிபுரத்தார், தண்ணீர்க் கோப்பையோடு நின்றுகொண்டு. நாலு வருசத்தில் அவளுடைய ஆட்களோடு அவர் கதைத்த முதல் வார்த்தை அது.

அன்றைக்கே மேரிறோஸ் தாளை எடுத்து பஃபலோவுக்கு நேரே 'எங்கட ஆக்கள்' என்ற இடத்தில் சுகிர்தத்தின் பெயரை எழுதினாள், படிவத்தில் விலாசத்தை நிரப்பினாள். யூலியனிடம் சொன்னபோது, வாடகையைப் பார்த்தா, ஆஸ்பத்திரியைப் பார்த்தா தெரிவு செய்தாய் என்று கேட்டான். இரண்டையும் பார்த்துத்தான் என்று ஒரு பொய் சொன்னாள்.

சனிக்கிழமை காலை. மேரிக்குக் கொடுக்கவேண்டிய பத்திரங்களில் வல்லிபுரத்தாரின் பிறப்புப் பதிவு மட்டும் மொழிபெயர்க்கிறவரிடம் கிடந்தது. இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு, அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக லா சப்பல் மெத்ரோப் படி ஏறினார்கள். சனிக்கிழமைக் கூட்டம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் எங்கட ஆக்கள். நடுவில் இராசமலர், பை நிறையப் பாகற்காயோடு.

வல்லிபுரத்தார் வழமை போல, திரும்பிப் பாராமல், முன் பெட்டி வந்து நிற்கிற இடத்தை நோக்கி நடந்தார். மேரிறோசின் காலும் வழமை போலப் பின்பக்கம் திரும்பியது. இரண்டு அடி வைத்தாள். நின்றாள். எத்தனை நாளைக்கு, என்று தன்னைத்தானே கேட்டாள். இந்த ஊரில் சொல்லமுடியாததைக் கடல் கடந்து போய்ச் சொல்லி என்ன?

திரும்பினாள். மூச்சை இழுத்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் இருநூறு பிள்ளைகளை அடக்குகிற அந்தக் குரலை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ!"

எங்கள் பெண்கள் புருசனைத் தவிர வேறு யாரையும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். ரயில் மேடையில் நின்ற ஆறேழு ஆம்பிளைகள் தங்கள் மனுசிமார்தான் கூப்பிடுகிறார்கள் என்று திடுக்கிட்டுத் திரும்பினார்கள். இராசமலரும் திரும்பினாள், சவிரியற்றை மனுசியைக் கண்டாள், அவளுக்குப் பாகற்காய்ப் பை கையிலிருந்து வழுகியது. திரும்பாமல் நடந்துகொண்டே இருந்தவர் வல்லிபுரத்தார் ஒருத்தர்தான். ஐம்பத்தொன்பது வருசத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, பிறகெப்படித் தெரியும் பாவம்?

"இஞ்சாருங்கோ, வல்லிபுரத்தார்! உங்களைத்தான்!"

அவர் நின்றார். மெல்லத் திரும்பி, விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, என்னையோ என்று கேட்டார். ஓம் என்று அவள் தலையாட்டினாள். ரயில் வந்துகொண்டிருந்தது. அவர் அத்தனை சனத்துக்கும் நடுவால், பிறப்புப் பதிவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவளிடம் நடந்து வந்தார்.